ஆறாயிரம் தோட்டாக்களின் தேர்வு

காவல் பணியில் நிற்பவரின் இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பல ஆண்டுகள் உறைக்குள்ளேயே உறங்கும் கருவி அது. ஆனால் தேவைப்படும் நொடியில் இயங்கியே ஆக வேண்டும். தேவையற்ற வேளையில் இயங்கவே கூடாது. அத்தகைய கருவியை 'நம்பத்தக்கது' என்று எவ்வாறு முடிவு செய்வது? இதற்கு விடை தேடிய வரலாறு ஒன்றைக் காண்போம்.

இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், பிலிப்பைன்ஸ் தீவுகளில் போரிட்ட அமெரிக்கப் படையினர் தம் 0.38 அங்குல ரிவால்வர் போதவில்லை என்று முறையிட்டனர். குண்டு பட்ட பின்னும் எதிரி பாய்ந்து வந்தானாம். 1904-இல் படை அதிகாரி ஜான் தாம்சனும் மருத்துவர் லூயி லகார்டும் சிகாகோ இறைச்சிக் கூடத்து மாடுகளையும் பிணங்களையும் சுட்டுச் சோதித்தனர். 0.45 அங்குலத்துக்குக் குறையாத குண்டு வேண்டும் என்றனர். சோதித்த விலங்குகளோ சில; குண்டு பட்ட இடங்களும் வெவ்வேறு. ஆய்வுக்கூடத்தில் இத்தகைய சோதனையை நாம் ஏற்போமா?

அடுத்து வந்த சோதனை வேறு வகை. 1907-இல் பல நிறுவனங்களின் பிஸ்டல்கள் ஒப்பிடப்பட்டன. இறுதியில் எஞ்சியவை ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட்டும், சாவேஜும். பிரௌனிங்கின் பிஸ்டல் உந்த அழியாமை விதியால் இயங்குவது. 15 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்கிறது. அதன் உந்தம் 3.75 அலகு. அதே உந்தம் பிஸ்டலைப் பின்னே தள்ளுகிறது. குழலும் அதன் மேலுறையும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் ஒன்றாகப் பின்வாங்குகின்றன. அதற்குள் குண்டு வெளியேறி, வாயுவின் அழுத்தம் தணிந்துவிடும். பிறகு ஒரு சிறு இணைப்பு குழலைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிக்கும். மேலுறை மட்டும் மேலும் பின்சென்று, வெற்றுத் தோட்டாக்கூட்டை வெளியே எறியும். சுருள்வில் அதை முன்தள்ள, புதிய தோட்டா குழலில் ஏறும். அழுக்கோ தளர்ந்த வில்லோ இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கெடுத்தால் போதும், பிஸ்டல் சிக்கிக்கொள்ளும்.

1910-இல் நடந்த சோதனையில் இரண்டுமே கோளாறு செய்தன. திருத்திக்கொண்டு 1911 மார்ச்சில் மீண்டும் வந்தன. ஒவ்வொன்றிலும் 6000 தோட்டாக்கள் சுடப்பட்டன. நூறு சுட்டதும் ஐந்து நிமிடம் ஆறவிடுவர். ஆயிரம் சுட்டதும் துடைத்து எண்ணெய் இடுவர். பின்னர் மணல், சேறு, துரு ஆகிய சோதனைகளும் நடந்தன. 6000 தோட்டாக்களில் சாவேஜ் 37 முறை கோளாறு செய்தது. கோல்ட் ஒருமுறைகூடச் செய்யவில்லை. மார்ச் 29-இல் கோல்ட் தேர்வாயிற்று. தவறிச் சுடாமலிருக்க அதில் இரு காப்புகள் இருந்தன. ஒன்று கைப்பிடியை இறுகப் பற்றினால்தான் விடுபடும்; மற்றொன்று கட்டைவிரலால் இயக்குவது. பின்னது குதிரைப்படையினர் கேட்டதால் சேர்க்கப்பட்டது.

சரி, 6000 முறை தவறாதது என்றுமே தவறாதா? கணக்கிட்டுப் பாருங்கள். 2000-க்கு ஒருமுறை தவறும் இயல்புடைய பிஸ்டல்கூட, 6000 முறை பிழையின்றிச் சுட 100-க்கு 5 வாய்ப்பு உண்டு. ஆகவே இச்சோதனை காட்டியது 'பிழையே இல்லை' என்பதையன்று; 'பிழை 2000-க்கு ஒன்றைவிட அரிதாகவே இருக்கும்' என்பதைத்தான்.

மேலும், சோதிக்கப்பட்டது ஒரு பிஸ்டல். அதே அச்சில் வார்த்த இன்னொன்றின் வில் தளர்ந்திருக்கலாம். அதனால்தான் பணியில் இருப்பவர், தமக்குத் தரப்பட்ட துப்பாக்கியை, தாம் பயன்படுத்தும் தோட்டாக்களையே கொண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். துடைத்து, எண்ணெயிட்டு, தேய்ந்த வில்லை மாற்ற வேண்டும்.

1985-இல் அமெரிக்கப் படை வேறொரு பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கும் வரை, பிரௌனிங்கின் படைப்பே அதன் பொதுக் கைத்துப்பாக்கியாக நீடித்தது. கோல்ட்டின் வெற்றியில் வாதத் திறமைக்கு இடமில்லை. பொறுமையாக எண்ணியவர்களே தீர்ப்பு எழுதினர். உங்கள் ஊர் மின்தூக்கிக்கும், மருத்துவமனையின் மூச்சுக் கருவிக்கும் இதே கேள்வி பொருந்தும்: எத்தனை முறை சோதித்தார்கள்? எத்தனை முறை தவறியது?