சித்திலெப்பையும் ஜாயாவும்: பேச்சுக் கற்பித்தலுக்குக் கண்டி தரும் இரு பாடங்கள்

தமிழ் மொழித் தினப் போட்டிகளுக்கான அறிவித்தல் பாடசாலைக்கு வந்ததும் எமது கிராமத்தில் பேச்சு எழுதித் தரக்கூடியவர்களுக்குக் கிராக்கி ஏற்பட்டுவிடும். பெற்றோர் ஆள் தேடி அலைவார்கள். யாரோ ஒரு பெரியவர் எழுத, பிள்ளை மனனம் செய்யும். அவைத் தலைவருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே நேரத்தில் கணிசமான பங்கு கரைந்துவிடும். எதுகையும் மோனையும் அடுக்கடுக்காக வரும். கைதட்டும் கிடைக்கும். மேடையை விட்டு இறங்கிய பிள்ளையிடம், "நீ சொன்னதை ஏற்காத ஒருவர் எதிரில் இருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை விழிக்கும். ஏற்காத ஒருவர் இருக்கக்கூடும் என்பதே அந்தப் பேச்சில் எங்கும் இல்லை.

பேசிக் காட்டுவது ஒன்று. கேட்பவரை இணங்க வைப்பது வேறொன்று. இரண்டாவதைக் கற்பிக்க நான் வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிப் போவதில்லை. கண்டி மண்ணிலே பிறந்த இருவரின் வரலாறு எனக்குப் பாடநூலாக இருக்கிறது.

முதலாமவர் மர்ஹூம் முஹம்மது காசிம் சித்திலெப்பை. 1838 இல் கண்டியில் பிறந்தவர். சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தவர். நீதிமன்றத்தில் பேசிப் பழகிய அந்த மனிதர் தம் வாழ்நாளின் பெரிய வழக்கைத் தம் சமூகத்திடமே வாதாட வேண்டியிருந்தது. அந்நாளில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிப் பாடசாலைகளின் கையில் இருந்தது. பிள்ளையை அங்கே அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. மதம் பரப்புதல் அப்பாடசாலைகளின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாகவே இருந்தது.

சித்திலெப்பையின் திறமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. "உங்கள் பயம் முட்டாள்தனமானது" என்று அவர் தொடங்கவில்லை. கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் மார்க்கக் கடமை என்ற இடத்திலிருந்து தொடங்கினார். கேட்பவர் ஏற்கெனவே நம்புகின்ற ஒன்றில் காலூன்றி, அவர் இன்னும் நம்பாத ஒன்றை நோக்கி நடத்திச் சென்றார். அறபு வேண்டும், தமிழ் வேண்டும், அவற்றுடன் ஆங்கிலமும் சிங்களமும் வேண்டும் என்றார். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்குமாறு அவர் சொல்லவில்லை.

அவர் வாயால் மட்டும் பேசியவரும் அல்லர். 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் 'அஸன்பே சரித்திரம்' நாவலை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவல் வரலாறு அந்நூலிலிருந்தே தொடங்குகிறது. ஒரே கருத்தைப் பத்திரிகை வாசகனுக்கு ஒரு விதமாகவும், கதை கேட்க விரும்புகிறவனுக்கு வேறொரு விதமாகவும், பள்ளிவாசலில் கூடும் ஜமாஅத்தாருக்கு இன்னொரு விதமாகவும் சொல்லத் தெரிந்தவர் அவர்.

இந்த வேளையில் அவருக்கு ஒரு பெரிய துணையும் வாய்த்தது. 1882 செப்டம்பரில் தெல்-எல்-கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா, 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டவராகக் கொழும்பில் வந்திறங்கினார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஒரு முஸ்லிம் தளபதியே நவீன கல்வி வேண்டும் என்று சொன்னபோது, ஆங்கிலம் கற்பது வெள்ளைக்காரனுக்கு அடிபணிவதாகும் என்ற எண்ணம் வலுவிழந்தது. சொல்லப்படும் கருத்தைப் போலவே, அதைச் சொல்லும் மனிதர் யார் என்பதும் கேட்பவரின் மனத்தில் வேலை செய்கிறது.

ஆயினும் பேச்சு உடனே பலித்துவிடவில்லை. 1884 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பாடசாலை முயற்சி ஆதரவின்றித் தளர்ந்தது. 1892 ஆகஸ்டில் மருதானையில் வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் துணையுடன் நிறுவப்பட்ட மத்ரஸாவே பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டில் ஒராபி பாஷா கண்டிக்குக் குடிபெயர்ந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்றும் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலையையும் சித்திலெப்பை தொடங்கினார். "பிள்ளையை மிஷன் பள்ளிக்கு அனுப்பப் பயமா? இதோ, மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ்" என்பதே அந்தப் பாடசாலைகளின் பொருள். கேட்பவரின் மறுப்புக்குக் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்ட பதில் அது.

சித்திலெப்பை 1898 பெப்ரவரியில் காலமானபோது, கண்டி–குருநாகல் வீதியிலுள்ள கலகெதரயில் பிறந்த ஒரு மலாய்ச் சிறுவனுக்கு எட்டு வயது. அவர்தான் பிற்காலத்தில் கலாநிதி டி.பி. ஜாயா என்று அறியப்பட்ட துவான் புர்ஹானுத்தீன் ஜாயா. அவரும் ஓர் ஆசிரியர். கண்டி தர்மராஜாவிலும் கொழும்பு ஆனந்தாவிலும் கற்பித்தவர். இரண்டும் பௌத்தக் கல்லூரிகள். 1921 இல் ஸாஹிறாவின் அதிபர் பொறுப்பை ஏற்று, சித்திலெப்பை காலத்தில் நட்ட கன்றை மரமாக்கினார்.

மாணவருக்கு நான் எடுத்துச் சொல்வது 1945 இல் அரசாங்க சபையில் அவர் நின்ற நிலையைத்தான். 1931 இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்திருந்தது. சட்டசபையில் தமக்குரிய இடம் பறிபோகும் என்ற கவலை முஸ்லிம்களுக்கு இருந்தது. ஜாயாவே சமூகப் பாதுகாப்புக்காக நீண்டகாலம் வாதாடியவர். அப்படிப்பட்டவர், நாட்டின் சுதந்திரம் பற்றிய விவாதத்தில், சிறுபான்மையோரின் அச்சங்களைக் காட்டிச் சுதந்திரத்தைத் தாமதிக்கக் கூடாது என்றும், முஸ்லிம்கள் தமக்குரிய பாதுகாப்புகளைவிட நாட்டின் விடுதலையையே முன்வைக்கிறார்கள் என்றும் பேசினார். அவ்வாண்டு நவம்பரில் டி.எஸ். சேனாநாயக்க கொண்டுவந்த பிரேரணை 51க்கு 3 என்ற வாக்குகளால் நிறைவேறியது. 1947 இல் அமைந்த முதல் அமைச்சரவையில் ஜாயா தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார்.

அந்த உரைக்கு ஒரே நேரத்தில் மூன்று வகைக் கேட்போர் இருந்தார்கள். சிறுபான்மையினரின் நோக்கத்தைச் சந்தேகித்த பெரும்பான்மை உறுப்பினர்கள். சிறுபான்மையினரின் அச்சத்தைக் காரணம் காட்டிக் காலம் தாழ்த்தக்கூடிய பிரித்தானிய அரசு. "எம்மைக் கைவிட்டுவிட்டாரோ" என்று நினைக்கக்கூடிய சொந்தச் சமூகம். மூவருக்கும் அவர் ஒன்றையே சொன்னார். மேடைக்கு மேடை பேச்சை மாற்றவில்லை. "நீங்கள் விட்டுக்கொடுங்கள்" என்று பிறரிடம் கேட்பதற்கு முன்னர், தம் பக்கம் எதை விட்டுக்கொடுக்கிறது என்பதைச் சபையின் முன் வைத்தார். அந்த விட்டுக்கொடுப்புக்கு எம்மவருக்குப் பின்னர் என்ன கைம்மாறு கிடைத்தது என்று இன்று கேட்பவர்கள் உண்டு. கேட்கப்பட வேண்டிய கேள்விதான். எனினும் அது பேச்சின் குறை அல்ல. பேச்சைக் கேட்டு வாக்குப் பெற்றவர்களின் கணக்கில் சேர வேண்டியது.

இந்த இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டவற்றை வகுப்பறையில் மூன்று கேள்விகளாக்கியிருக்கிறேன். கேட்பவர் யார்? அவர் எதற்கு அஞ்சுகிறார்? பேச்சு முடிந்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? இவற்றுக்கு விடை எழுதாமல் பேச்சின் முதல் வரியை எழுத விடுவதில்லை. அத்துடன், தன் பக்கத்திலிருந்து எதைத் தர முடியும் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

தரம் 11 மாணவி ஒருத்தி 'பெண் கல்வி' என்ற தலைப்பைத் தெரிவு செய்தாள். முதலில் எழுதியது எல்லோரும் எழுதுவதுதான்: பெண் சமூகத்தின் கண், கல்வி அதன் ஒளி. கேட்பவர் யார் என்று கேட்டேன். சற்று யோசித்து, "எங்கட வாப்பா" என்றாள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கக் கண்டி நகருக்குப் போக வேண்டும், வாப்பாவுக்கு விருப்பமில்லை. அடுத்த கிழமை கொண்டுவந்த பிரதியில் கண்ணும் இல்லை, ஒளியும் இல்லை. பாடசாலை விடும் நேரம், கண்டியிலிருந்து புறப்படும் பஸ், மழைக்காலத்தில் இருட்டுவதற்கு முன் வீடு வந்துசேர முடியுமா என்ற கணக்கு, கூட வரக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர் என்ற விவரம் ஆகியவையே இருந்தன. "ஒரு தவணைக்கு விட்டுப் பாருங்கோ. சரிவராட்டி நானே கலைப்பிரிவுக்கு மாறி ஊர்ப் பாடசாலைக்கு வாறன்" என்று முடித்திருந்தாள். சில நாட்கள் கழித்து அந்த வாப்பா பாடசாலைக்கு வந்தார். முடிவு சொல்ல அவர் வரவில்லை. "சேர், அந்த பஸ் நேரம் சரிதானா?" என்று கேட்கத்தான் வந்தார். ஒரு பேச்சு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இதைப் போட்டிக்குரிய விடயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை உள்ளிட்ட எமது மாவட்டத்துப் பகுதிகள் எரிந்தபோது, பேச்சு எத்தனை வேகமாக மனிதரைத் திரட்டும் என்பதை நாம் கண்டோம். அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. சமூக ஊடகங்களும் தற்காலிகமாக முடக்கப்பட்டன. தூண்டிவிடும் பேச்சுக்கும் இணங்க வைக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றிலிருந்து மாணவருக்கு இப்படிச் சொல்கிறேன்: முன்னது கேட்பவரின் அச்சத்தைக் கண்டுபிடித்து ஊதிப் பெருப்பிக்கிறது, பின்னது அதே அச்சத்தைக் கண்டுபிடித்து அதற்குப் பதில் சொல்கிறது. இரண்டுக்கும் தேவையான திறமை ஏறத்தாழ ஒன்றே. ஆகையால்தான் அதை நல்லவர்கள் கற்காமல் விட முடியாது.

இன்னொன்றும் உண்டு. சித்திலெப்பை தம்மவரிடம் தமிழில் பேசினார். ஜாயா அரசாங்க சபையில் ஆங்கிலத்தில் பேசினார். எமது பிள்ளைகள் தம் அயலவரிடம் சிங்களத்தில் பேச வேண்டும். இரண்டாம் மொழிப் பாடம் நேரசூசியில் இருக்கிறது; அதில் எழுதும் கட்டுரைகளோ மாமரத்தையும் பசுவையும் தாண்டுவதில்லை. தமிழில் எழுதிய ஒரு பேச்சைச் சிங்கள ஆசிரியரின் உதவியோடு பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்குச் சொல்வதாக மாற்றி எழுதச் செய்தால், மாறுவது மொழி மட்டுமல்ல என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்கிறார்கள். உதாரணங்களையும் தொடக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. சில இடங்களில் கருத்தையே மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போட்டிகளில் நடுவர்களாக அமரும் எமது எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். குரல் வளத்துக்கும் சொல்லழகுக்கும் புள்ளி இடுங்கள்; அவை வேண்டாமென்று யார் சொன்னது? அத்துடன், பேச்சு முடிந்ததும் எதிர்க்கருத்தாக ஒரேயொரு கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டு, அதற்கும் புள்ளி வையுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து பேச்சு எழுதித் தர ஆள் தேடும் வழக்கம் தானாகக் குறையும். ஏனெனில் அந்தப் பதிலைப் பிள்ளைதான் யோசிக்க வேண்டும்.