ஆயாவின் கறுப்புச் செருப்பு

போன எபிசோடில் பாலாற்றங்கரைத் தோல் தொழிலைப் பற்றிப் பேசினோம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் வெளிநாடுகளுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊர்கள். இன்றைக்கும் செருப்புதான் விஷயம். ஆனால் இது கடையில் ஆசைப்பட்டு வாங்குகிற செருப்பு இல்லை.

எங்க ஆயாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, முள் குத்தினாலும் தெரியாது. ஒரு தடவை புண் வந்து ஆறுவதற்கு மூன்று மாதம் ஆனது. அதற்குப் பிறகு டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக்கொடுத்தார். கறுப்பு நிறம், தடித்த அடி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை. வீட்டில் ஆயா அதை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மட்டும் கழற்றி வைத்துவிட்டாள்.

"இத்த போட்டுக்கினு வந்தா பாக்கறவங்க என்னா நெனப்பாங்க? எனக்குப் பெருநோய்னுதான நெனப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கால் முக்கியமா, ஊர் பேச்சு முக்கியமா?" என்று கத்தினேன். ஆயா பதில் பேசவில்லை. பழைய ரப்பர் செருப்போடுதான் வந்தாள்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாறு எனக்குக் கிடைத்தது.

தொழுநோயாளிகளை இந்த நாடு எப்படி நடத்தியது என்பதற்கு ஒரு சட்டமே சாட்சி. 1898-இல் வந்த தொழுநோயாளர் சட்டம், பிழைக்க வழியில்லாத நோயாளிகளைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க இடம் கொடுத்தது. அதை முழுசாக நீக்கியது 2016-இல்தான். அந்த நோயாளிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார் பால் பிராண்ட். 1914-இல் நம்ம கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன விரல்களைப் பார்த்தவர், நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து அந்த விரல்களை நிமிர்த்த ஆரம்பித்தார். மருத்துவமாகப் பார்த்தால் பெரிய வெற்றி.

ஆனால் கை சரியாகி வீட்டுக்குப் போனவர்கள் சிலர் சோர்ந்துபோய்த் திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள், நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடவில்லை. நோய் இருந்த ஆள் என்று வேலையும் கொடுக்கவில்லை. ஆக, கை கிடைத்தது, பிழைப்பு போய்விட்டது. அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கியதால்தான் பாகாயத்தில் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் தொடங்கியது. சின்னச் சின்னக் குடிசைகள், பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறை. கைக்கு வேலை கற்றுக்கொடுக்கும் இடம்.

அங்கே இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். பிராண்டின் குழு ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று துருவிக் கேட்டது. சூடான பாத்திரம், சொரசொரப்பான சுத்தியல் பிடி, வலி தெரியாததால் தேவைக்கு மேல் அழுத்தித் திருப்பிய சாவி என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனாலும் ராத்திரி இருந்த விரல் நுனி காலையில் இல்லாமல் போவது மட்டும் புரியவில்லை. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான் எலி கடிப்பது தெரிந்தது! தூங்குகிறவருக்கு வலியே தெரியவில்லை. அப்புறம் குடிசைகளில் பூனை வளர்த்தார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களிடமும் பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். யோசித்துப் பாருங்க, எந்த மருந்துச் சீட்டில் பூனை எழுதுவார்கள்? அந்த மனிதர் எங்கே படுக்கிறார், எப்படித் தூங்குகிறார் என்று தெரிந்தால்தானே எழுத முடியும்!

பிற்பாடு பிராண்டின் குழுவில் சேர்ந்த மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. நோயாளியின் இடத்தில் தானே உட்கார்ந்து பார்த்த டாக்டர் அவர்.

இனி செருப்புக்கு வருவோம். உணர்ச்சி இல்லாத பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் புண் வரும். அதற்காக வேலூரிலும், பக்கத்தில் 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் நுண்துளை ரப்பர் வைத்துச் செருப்பு செய்தார்கள். அதுதான் எம்.சி.ஆர். உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டியான ரப்பர். ஆணியே அடிக்கக் கூடாது, ஏன்னா ஆணி குத்தினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது.

காலை அது காப்பாற்றியது. ஆனால் நாடு முழுக்க ஒரே மாதிரி கறுப்பாகக் கொடுத்ததில், "இவருக்குத் தொழுநோய்" என்று ஊருக்கே சொல்லும் அடையாளமாகவும் ஆகிவிட்டது. போட மறுத்தவர்கள் நிறையப் பேர். பிற்பாடுதான் வேறு நிறங்களில், கடைச் செருப்பு மாதிரியே செய்யத் தொடங்கினார்கள்.

'நபர் மையப் பராமரிப்பு' என்று இன்றைக்கு முதியோர் இல்லப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரிட்டனில் டாம் கிட்வுட் மறதிநோய் வந்த முதியவர்களுக்காக இதை வலியுறுத்தியது 1980களின் கடைசியில். பாகாயத்துக் குடிசைகளில் அந்தப் பெயர் இல்லாமலே அதில் பாதி நடந்திருக்கிறது. மீதிப் பாதி அந்தக் கறுப்புச் செருப்பில் தவறிப்போனது. அதே தவறைத்தான் நானும் ஆயாவிடம் செய்தேன். அவள் சொன்னது வெறும் வீம்பு இல்லை. அந்தச் செருப்பை யார் போட்டு நடந்தார்கள், ஊர் அவர்களை எப்படிப் பார்த்தது என்று கண்ணால் கண்டவள்.

இதெல்லாம் படித்த பிறகு ஆயாவிடம் போய், "உனக்கு எப்படி இருந்தா போடுவ?" என்று கேட்டேன்.

"உங்கம்மா போடறாளே, அந்த மாரி பிரவுன் கலர்ல."

அவ்வளவுதான் விஷயம். ஆம்பூரில் தெரிந்த ஒரு செருப்புத் தொழிலாளியிடம் அழைத்துப் போனேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதே எம்.சி.ஆர். அடியை வைத்து, பிரவுன் தோல் பட்டை போட்டுக் கொடுத்தார். ஆணி இல்லாமல், ஒட்டியும் தைத்தும். அளவெடுக்கும்போது ஆயாவிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை. அடுத்த கல்யாணத்துக்கு ஆயா அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒருத்தரும் கவனிக்கவில்லை. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

உங்க வீட்டில் சர்க்கரை இருக்கிற பெரியவங்க இருந்தால், தினமும் ராத்திரி அவங்க பாதத்தை ஒரு முறை பாருங்க. செருப்பைப் போட மறுத்தால், கத்துவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.