ஒரு பென்னியில் தொடங்கிய வகுப்புகள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிறிஸ்தவப் போதகர் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் சங்கத்தார் கட்டிய கூட்ட மண்டபத்தின் கடனை அடைப்பதற்காக, 1742 பிப்ரவரியில் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தண்டப்பட்டது. 'வகுப்பு' எனப்பட்ட இக்குழுக்களின் தலைவர்கள் காசு வாங்க வீடுவீடாகச் சென்றபோது குடியும் சச்சரவும் அவர்கள் கண்ணில் பட, கடன் வசூலுக்கென்று பிறந்த ஏற்பாடு உறுப்பினர்களின் அன்றாட ஒழுக்கத்தை வாரந்தோறும் விசாரிக்கும் அமைப்பாக மாறியது.

1743இல் வெளிவந்த மெதடிஸ்ட் சங்கங்களின் பொது விதிகள், சீடத்துவத்தை, அதாவது கிறிஸ்துவைப் பின்பற்றி வாழ்வதை, ஜெபத்தோடும் திருவிருந்தோடும் நிறுத்தாமல் கடைத்தெருவுக்கும் கொண்டுவந்தன. சுங்கவரி செலுத்தாத கடத்தல் சரக்கை வாங்குவதும் விற்பதும், அநியாய வட்டியும், வீண்பேரமும் அவற்றில் விலக்கப்பட்டன. ஒழுங்காக நடந்தவர்களுக்குக் காலாண்டுதோறும் உறுப்பினர் சீட்டு வழங்கப்பட்டது. சீட்டு மறுக்கப்படுவதே விலக்கத்துக்கு ஒப்பானது.

இக்கண்டிப்பு வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நியூகாசில் சங்கத்திலிருந்து 1743 மார்ச்சுக்குள் 64 பேர் நீக்கப்பட்டதைக் குறித்த வெஸ்லியின் நாட்குறிப்பு, குடிவெறிக்காக 17 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பலுக்காக ஒருவர் எனக் கணக்குச் சொல்கிறது. மிகப்பெரும் தொகையான 29 பேர் பொறுப்பற்ற அசட்டைப் போக்குக்காகவே நீக்கப்பட்டனர் என்பது, குடியைவிட அலட்சியத்தையே இச்சங்கம் அதிகம் அஞ்சியதோ என எண்ண வைக்கிறது.