உப்புக்காற்றும் கம்ப்யூட்டர் அறையும்

நம் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை மலருக்கு எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது கம்ப்யூட்டர் அல்ல, அந்த அறை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள்தான். மரக்காணம் உப்பளத்து வரப்பில் நடந்து வந்த என் செருப்பு மட்டும் ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும்.

கொஞ்சம் பழைய சரித்திரம் சொல்லிவிடுகிறேன். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. அன்றைய இந்தியாவின் பெரிய இயந்திரங்களில் அது ஒன்று. அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு மாணவர்கள் காத்திருக்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போனாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். 1986இல் எர்நெட் தொடங்கியபோது அதில் சேர்ந்த நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் இருந்தது. அதெல்லாம் எங்கள் காதுக்கு எட்டாத சேதி.

நாங்கள் படித்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மெஷினுக்கு மூணு பேர். ஒருத்தன் தட்டுவான், ஒருத்தன் சொல்லுவான், மூணாவது ஆள் வேடிக்கை பார்ப்பான். பெரும்பாலும் அந்த மூணாவது ஆள் நான்தான். லேப் உதவியாளர் அண்ணன் அதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள், "அஞ்சு மணிக்கு மேல வாப்பா, கடைசி பஸ் வரைக்கும் தெறந்து வெக்கிறேன்" என்றார். அவர் இல்லாவிட்டால் நான் கீபோர்டைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

மெஷின் கிளம்பாமல் அடம்பிடித்தால் மூடியைத் திறந்து கார்டைக் கழற்றுவார். அதன் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகுவார். "கடக்காத்துப்பா, களிம்பு ஏறிடுது" என்பார். பத்தில் ஏழு முறை ஓடிவிடும். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது.

2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த என் அக்கா மகளுக்கும் ஒன்று கிடைத்தது. உப்பு வாரும் வீட்டுக்குள் ஒரு மடிக்கணினி! தெருவே வந்து பார்த்ததாம். இரண்டாவது மழைக்காலத்தில் அது கண் திறக்கவில்லை. பஸ் ஏறிக் கடைக்குக் கொண்டு போனால், அவர்கள் கேட்ட தொகை அக்காவின் ஒரு வாரக் கூலிக்கு மேல். துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பெண்ணுக்கோ புராஜெக்ட் கொடுக்க இருபதே நாள். அண்ணனுக்குப் போன் போட்டேன். "ரப்பர் இருக்கா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து மெமரி கார்டைத் தேய்த்துப் போட்டார். ஓடியது. அக்கா கொடுத்த பணத்தை வாங்கவில்லை, கருவாடு வாங்கிக்கொண்டார்.

கொரோனா வந்தபோது பொருள் இருந்தது, அலைவரிசை இல்லை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அவள் தம்பிக்கு வீட்டுக்குள் சிக்னல் வராது. வெயிலில் பாத்தி வரப்பில் நின்று, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வகுப்பு கேட்டான். 2025 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று மறுபடி அறிவிப்பு வந்ததும், "மாமா, ரிப்பேர் பண்ண யாரு வருவா?" என்று கேட்டவனும் அவன்தான்.

அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு நம் கல்லூரியில் ஆள் போடவில்லை. சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். அன்று அவருக்கு மேடையில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வருகிறாராம், ஆனால் சால்வை வேண்டாமாம்.