நட்டு மழுங்கினதுக்கு வரலாறும் ஒரு காரணம்

பழைய பிரிட்டிஷ் காரைக் கழட்டுறப்ப நட்டு மழுங்கினா எல்லாரும் துருவைத்தான் திட்டுவாங்க. பாதிப் பழி வரலாற்றுக்குங்க.

1841-ல் ஜோசப் விட்வொர்த் பல பட்டறை மரைகளைப் பார்த்து 55 டிகிரியில் பொது அளவு கொண்டுவந்தார். 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். இரண்டாம் உலகப்போரில் ரெண்டும் சேராம தவிச்சதில், 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் 60-க்கு ஒத்துக்கொண்டன. அதனால 50-கள் காலத்து பிரிட்டிஷ் கார்கள்ல பழசும் புதுசும் கலந்தே இருக்கும்.

ஸ்பேனர் கணக்கும் வேற. விட்வொர்த்தில் 1/2 என்றால் போல்ட்டின் விட்டம். அமெரிக்க முறையில் ஸ்பேனர் வாயின் அகலம், அதாவது 12.7 மி.மீ. அந்த நட்டுல 13 மி.மீ. ஸ்பேனர் போட்டா 0.3 மி.மீ. ஆட்டம், விசை மூலைகள்ல மட்டும் விழுந்து வழிச்சிடும்.

துருவுக்கு எண்ணெய் விடலாம், சூடு காட்டலாம். அளவு தப்பினா மருந்தில்லை. ஸ்பேனர் மேல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க மக்கா!