வார்ஹோலின் ஃப்ளாப்பிகள் திறந்த கதை

1985 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் அமிகா கணினியை அறிமுகப்படுத்தியது. மேடையில் ஓவியர் ஆண்டி வார்ஹோல், பாடகி டெபி ஹாரியின் முகத்தை அந்தக் கணினியிலேயே வரைந்து காட்டினார். பிறகும் அவர் அமிகாவில் படம் போட்டார். மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகளில் சேமித்தும் வைத்தார். 1987இல் இறந்துபோனார். ஃப்ளாப்பிகள் அவர் பிறந்த ஊரான பிட்ஸ்பர்கில், அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தின் சேமிப்பறைக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே அவை சும்மா கிடந்தன. 2011இல் கோரி ஆர்கேஞ்சல் என்ற கலைஞர் அந்த மேடை நிகழ்ச்சியின் வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்தப் படங்கள் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் குழுவினர் உதவிக்கு வந்தார்கள்.

அமிகா ஃப்ளாப்பி சாதாரணக் கணினியின் டிரைவுக்குள் கச்சிதமாகப் போகும். டிரைவின் படிக்கும் தலையும் தட்டின் காந்தத்தை உணரும். தடுப்பது டிரைவ் அல்ல, அதை ஆளும் கன்ட்ரோலர் சிப். அதற்கு ஐபிஎம் வகைக் கணினிகளின் எழுத்துமுறை மட்டுமே தெரியும். அமிகாவோ ஒரு தடத்தில் 11 பகுதிகளை இடைவெளியின்றி நெருக்கி எழுதி, ஒரு தட்டில் 880 கிலோபைட் அடைத்துவிடும். இன்று கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவுக்குள்ளும் அதே பிடிவாதக்கார சிப்தான். அதனால் அமிகா தட்டுக்கு அது உதவாது.

பழைய டிரைவை வைத்துக்கொண்டு சிப்பை மட்டும் விலக்குவதுதான் வழி. டிரைவிலிருந்து வரும் 34 முனை ரிப்பன் கேபிளின் மறுமுனையில் கிரையோஃப்ளக்ஸ் என்ற சிறு பலகை. அங்கிருந்து யுஎஸ்பி வழியாக இன்றைய கணினி. தட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும்போது, ஒரு காந்த மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தைப் பலகை அப்படியே குறித்துக்கொள்ளும். இவ்வகைத் தட்டுகளில் அது ஏறத்தாழ 4, 6 அல்லது 8 மைக்ரோ விநாடி. அதற்கு என்ன பொருள் என்று பலகை கேட்பதில்லை. பொருள் காண்பதைப் பிறகு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எந்தக் கணினியில் எழுதிய தட்டானாலும் இந்த முறையில் பிரதி எடுக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

பிரதி எடுத்தபின் கேம்ப்பெல்ஸ், மர்லின் என்ற பெயர்களில் கோப்புகள் தெரிந்தன. ஆனால் எந்த மென்பொருளிலும் அவை திறக்கவில்லை. அவற்றின் வடிவத்தைக் குழுவினரே ஆராய்ந்து அவிழ்த்தார்கள். 28 படங்கள் கிடைத்த செய்தி 2014 ஏப்ரலில் வெளியுலகுக்கு வந்தது. அவற்றில் கேம்ப்பெல்ஸ் சூப் டப்பா இருந்தது. ஓவியர் போட்டிச்செல்லியின் வீனஸும் மூன்று கண்களோடு இருந்தாள். எனக்கு அவள்தான் பிடித்தமானவள். மவுஸுக்குப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய ஓவியரின் கை அதில் தெரிகிறது.

உங்கள் பரணிலும் ஃப்ளாப்பிகள் இருக்கலாம். மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள்; அப்போது அதில் எதுவும் எழுதப்படாது. டிரைவின் தலையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தட்டைப் போடுங்கள். ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.