பெரியாரின் எழுத்துப் பட்டறை

ஈ.வெ. இராமசாமி என்ற பெயரைக் கேட்டவுடன் மேடையும் போராட்டமுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1929 டிசம்பரில் அவர் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கியபோதும் மலாயாத் தமிழர் அவரைச் சுயமரியாதை இயக்கத் தலைவராகவே வரவேற்றனர். அந்தப் பொதுவாழ்வின் ஓரத்தில் அவர் செய்துவந்த ஒரு பணி, இன்று நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூல்களின் பக்கந்தோறும் பதிந்துள்ளது. அதுவே எழுத்துச் சீர்திருத்தம்.

அவர் மொழியியல் பயின்றவர் அல்லர். பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே நிறுத்திவிட்டு, ஈரோட்டில் தந்தையின் வணிகத்தில் இறங்கியவர். ஆனால் 1925இல் 'குடி அரசு' வார இதழைத் தொடங்கிய பின், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்பாளரின் உழைப்பு அவர் கண்முன் இருந்தது. கற்கும் குழந்தைக்கும் கோக்கும் கைக்கும் வீண்சுமை எது என்று வணிகருக்கே உரிய கணக்குடன் அவர் பார்த்தார்.

பழைய அச்சில் ண, ற, ன ஆகிய மூன்றுக்கும் ஆகாரக் கால் தனித்து நிற்காது. எழுத்தோடு சுழிந்து ஒட்டிக்கொள்ளும். ண, ல, ள, ன ஆகிய நான்கின் ஐகாரக் குறி யானைத் துதிக்கை போல் வளைந்து நிற்கும். முதல் மூன்றும் ஆ, ஒ, ஓ வரிசைகளில் 9 எழுத்துகள், ஐகார வரிசையில் 4, ஆக 13. பிற எழுத்துகளுக்கு உள்ள பொதுவிதியே இவற்றுக்கும் போதும் என்பது அவர் கருத்து. எவருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் 1935 முதல் தம் இதழிலேயே புதிய வடிவங்களை அச்சிட்டார். வாசகர் தடையின்றிப் படித்தனர். ஒரு கருதுகோளைச் சோதித்துப் பார்ப்பதற்கு இதைவிட எளிய ஆய்வுக்கூடம் ஏது?

அவருடைய முன்மொழிவு அனைத்தும் நிலைபெறவில்லை. ஐ, ஔ என்பவற்றை அய், அவ் என எழுதலாம் என்றும் அவர் கூறினார். அகரத்தின்பின் யகர மெய் வந்தால் ஐகார ஒலி தோன்றும் எனத் தொல்காப்பியமே குறிப்பதால், இது மரபுக்கு முற்றிலும் அயலான எண்ணமன்று. ஆயினும் ஓர் இடர் உண்டு. 'தலை' என்பதில் இறுதி ஐகாரம் குறுகி ஒலிக்கிறது. அதைத் 'தலய்' என எழுதினால் ஓர் எழுத்துக் கூடுமேயன்றி ஒலிப்புத் தெளிவு கூடாது. 13 எழுத்து மாற்றம் வடிவத்தை மட்டும் தொட்டது. இதுவோ எழுத்துக்கூட்டையே தொட்டது. தமிழக அரசு 1978 அக்டோபரில் முன்னதை ஏற்றுப் பின்னதை விட்டது. அதைக் காண அவர் இல்லை, 1973இலேயே மறைந்துவிட்டார். பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவ்வடிவங்களே வழக்காயின.

இதே மனப்பாங்கின் மற்றொரு வெளிப்பாடு 'இனிவரும் உலகம்'. 1940களில் வெளிவந்த அச்சிறு நூலில், கம்பியில்லாத் தொடர்புக் கருவியை ஒவ்வொருவரும் உடன் வைத்திருக்கும் காலத்தையும், ஆண் பெண் சேர்க்கையின்றிக் குழந்தை பிறக்கும் காலத்தையும் அவர் கற்பனை செய்தார். வருங்காலத்தைக் கற்பனை செய்தவரும் எழுத்தைத் திருத்தியவரும் வெவ்வேறு மனிதர் அல்லர். இருப்பது இப்படியே இருக்கவேண்டுமா என்ற ஒரே வினாவைத்தான் இரண்டிடத்தும் எழுப்பினார்.

உகர, ஊகார வரிசைகளையும் மாற்றவேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. எழுத்து புனிதமானது, தொடக்கூடாது என்பது அதற்கு விடையாகாது. எ, ஏ வேறுபாட்டை எழுத்தில் காட்ட வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே வடிவம் திருத்தியிருக்கிறார். மாற்றம் என்பதாலேயே ஏற்பதும் விடையாகாது. அம்மாற்றத்தால் எத்தனை வடிவங்கள் குறையும், பழைய நூலைப் படிக்கும் திறன் எவ்வளவு குன்றும், கணினி யுகத்தில் அச்சுக்கோப்பாளரின் சுமை இன்னும் இருக்கிறதா என்பவற்றை ஆசிரியர்கள் மாணவரோடு எண்ணிப் பார்க்கவேண்டும். பெரியாரின் முடிவுகளை ஏற்போரும் மறுப்போரும் அவரிடம் கற்கத்தக்கது அந்தக் கணக்குப் பார்க்கும் முறையே.